களங்காணி ரயிலடி
(கொல்லிமலைச் சீமை – வரலாற்றுத் தொடர், பகுதி 17)

சேந்தமங்கலத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. மேற்கே புதன்சந்தைப் பக்கம் களங்காணியில் ஒன்று இருக்கிறது, தென்மேற்கே நாமக்கல்லில் ஒன்று இருக்கிறது. இரண்டுமே 2013ஆம் ஆண்டு வந்தவை. தென்னிந்தியாவில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டது 1856இல். கணக்குப் பார்த்தால் 157 வருடம் ஆகிறது. இத்தனை தலைமுறையாக ரயிலைப் பார்க்கக் கொல்லிமலை அடிவாரத்து ஆள் சேலத்துக்கோ கரூருக்கோ போக வேண்டியிருந்தது.

சென்ற வாரம் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கரைப் பற்றிப் பார்த்தோம். நாமக்கல் பாறை மேல் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் அவர்தான் என்ற வழக்கைச் சேலம் கெசட்டியரும் பதிவு செய்திருக்கிறது. ஒரு காலத்தில் நாமக்கல்லுக்கே அதிகாரம் செலுத்திய ஊர், ரயில் காலத்தில் எப்படி ஓரத்துக்குப் போனது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

பழைய ரயில் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் பாதி விளங்கிவிடும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குக் கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்க வேண்டும் என்பதே நோக்கம். சென்னையில் புறப்பட்டு, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாக 1861இல் சேலம் சேர்ந்தது பாதை. பிறகு சங்ககிரி, காவிரிப் பாலம், ஈரோடு, பாலக்காட்டுக் கணவாய் என்று போய் 1862இல் மலபார்க் கரையைத் தொட்டுவிட்டது. வழியில் இருக்கும் ஊருக்கெல்லாம் வளைந்து போகக் கம்பெனிக்கு அவசியம் இல்லை. சேலம் நகரத்துக்கே ஸ்டேஷனைத் தள்ளிச் சூரமங்கலத்தில்தான் வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் கிரேட் சதர்ன் கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சிக்கு வந்து, காவிரியின் தென்கரையை ஒட்டியே கரூர் போய், 1868இல் ஈரோட்டில் மெட்ராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது. தென்கரையிலேயே போனதால் கரூர்ப் பக்கம் ஆற்றைத் தாண்டும் வேலை அவர்களுக்கு இல்லை. ஆற்றுக்கு வடக்கே மோகனூர், நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் என்று கிடந்த நாடு முழுவதும் இரண்டு பாதைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வடமேற்கே ஒரு ரயில், தெற்கே ஒரு ரயில். சேந்தமங்கலத்திலிருந்து இரண்டுமே வண்டி கட்டிப் போகும் தூரம்.

அந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்பதை 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் காட்டியது. இந்தத் தொடரில் பஞ்சத்தை முன்பே தொட்டிருக்கிறோம். ரயிலோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் முழுக் கொடுமை தெரிகிறது.

அன்றைய சேலம் ஜில்லா ஓசூரிலிருந்து நாமக்கல் வரை பரந்தது. 1871 குடிக்கணக்கில் அதன் மக்கள்தொகை 19,66,995. பத்து வருடம் கழித்து 1881இல் எடுத்தபோது 15,99,595. இயல்பான பெருக்கத்தைக் கணக்கில் எடுக்காமலே மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். செத்தவர்கள், பிழைப்புத் தேடி ஓடியவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாம் அந்தக் குறைவுக்குள் அடக்கம்.

பஞ்சத்தின்போது ரயில் ஓடாமல் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வங்காளத்து அரிசியும் பர்மா அரிசியும் ரயிலேறி உள்நாட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. ரயிலடியிலிருந்து ஊருக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். சூரமங்கலத்திலிருந்து ராசிபுரம் வழியாகச் சேந்தமங்கலத்துக்கு முப்பது மைலுக்கு மேல். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி நல்ல நாளிலேயே பகலெல்லாம் நடந்தால் பன்னிரண்டு, பதினைந்து மைல்தான் போகும். ஒரு நடைக்குப் போக மூன்று நாள், வர மூன்று நாள். இத்தனை நாளும் மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், தண்ணீர் வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் வழிநெடுகப் புல்லும் இல்லை, குட்டையில் நீரும் இல்லை. வைக்கோலையும் வண்டியிலேயே ஏற்றினால் அரிசிக்கு இடம் குறையும். மனிதர்களுக்கு முன்னால் மாடுகள்தான் செத்தன. மாடு செத்தபின் வண்டி இருந்து என்ன பயன்? ரயில்பாதை ஓரத்து ஊர்களில் அரிசி விலை ஏறினாலும் அரிசி என்று ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே போகப் போக, கையில் காசிருந்தாலும் வாங்கச் சரக்கில்லை. சென்னை மாகாணம் முழுவதுக்கும் இதுதான் நிலை. ரயிலடி இல்லாத நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இன்னும் மோசம்.

இதைப் பார்த்த பிறகுதான் 1880இல் பஞ்சக் கமிஷன், ரயில்பாதையைப் பஞ்சத்துக்கான காப்பாகவே போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. சேலம் ஜில்லாவுக்கு அதன் பலன் கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, 1906இல் மொரப்பூர்–தர்மபுரி என இரண்டு குறுகிய பாதைகள் வந்தன. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், பொம்மை ரயில் போலச் சின்னப் பெட்டிகள். தர்மபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. ஜில்லாவின் வடக்குக்கு இவ்வளவு நடந்தது. தெற்குக்கு ஒன்றும் வரவில்லை.

ஏன் என்று கேட்டால் என் கணிப்பு இதுதான். நாமக்கல் தாலுகாவை 1910இல் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1929இல்தான் அது சேலத்துக்குத் திரும்பியது. தர்மபுரிப் பாதை ஓசூர் வரை நீண்ட காலத்தில், சேலத்துக்கு நாமக்கல் அடுத்தவீடு. திருச்சிக்கோ அது காவிரிக்கு அக்கரையில் புதிதாக ஒட்டிய துண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் மக்களிடம் வரி வசூலித்து, 1894இலேயே மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாக ரயில் விட்டது. அப்படி முன்னின்று கேட்க நாமக்கல்லுக்கு நிலையான ஒரு ஜில்லா வாய்க்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு தாலுகாவுக்காகக் காவிரியில் பாலம் கட்டச் சொல்லி எந்த போர்டு மல்லுக்கட்டும்?

இந்தச் சமயத்தில்தான் நாமக்கல் வழியில் ஒரு பெரிய மனிதர் பயணப்பட்டார். 1913ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் கணிதமேதை ராமானுஜன் நாமகிரித் தாயாரைத் தரிசிக்க வந்தார். கடல் கடந்து கேம்பிரிட்ஜ் போகலாமா கூடாதா என்ற தவிப்பில் இருந்த நேரம். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கூட வந்தார் என்றும், சேலத்தில் டெபுடி கலெக்டராக இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய ராமசாமி ஐயர் வீட்டில் தங்கினார்கள் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தாயார் சந்நிதியில் இரவு தங்கி உத்தரவு பெற்றுத் திரும்பியவர் 1914 மார்ச்சில் கப்பலேறினார். சேலம் வரைக்கும்தான் அவருக்கு ரயில். அங்கிருந்து நாமக்கல்லுக்கு எல்லோரையும் போல அவரும் சாலையில்தான் போனார்.

வடக்கே போட்ட குறுகிய பாதைகளாவது நிலைத்தனவா என்றால், அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று 1941இல் இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தது, வெள்ளைக்காரர் போனார்கள், பாதை திரும்ப வரவில்லை. மொரப்பூர்–தர்மபுரிக்கு 36 கிலோமீட்டரில் புதுப் பாதை போட 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்து, 2019இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். நிலம் எடுப்பதிலேயே வருடங்கள் ஓடின. பெயர்த்தெடுக்கச் சில மாதம் போதுமாக இருந்தது. திரும்பப் போட ஒரு நூற்றாண்டு பிடிக்கும் போலிருக்கிறது.

ரயில் வராத நாடு சும்மா இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோயாக வேண்டும். மாட்டு வண்டி போய் லாரி வந்ததும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரு லாரியை நாலு பேர் பங்கு போட்டு வாங்கினார்கள். ஓட்டுநராக இருந்தவர் முதலாளி ஆனார். சேஸிஸ் மட்டும் வாங்கி வந்து பாடி கட்டும் பட்டறைகள் சாலை ஓரமெங்கும் முளைத்தன. இன்றைக்குத் தென்மாநிலங்களின் சமையல் எரிவாயு டேங்கர் லாரிச் சங்கமே நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டது. நாமக்கல்லுக்கு ரயில் 1868இலேயே வந்திருந்தால் இவ்வளவு பெரிய லாரித் தொழில் இங்கே வேரூன்றியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். சொல்லிவைத்தாற்போல் ஒன்றே காரணம் என்று வரலாற்றில் எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு ரயில்பாதைக்கு நடுவே விடுபட்ட நாடு சாலையை நம்பிப் பிழைத்தது என்பதில் ஐயம் இல்லை.

கோழிப்பண்ணை வளர்ந்ததும் இந்த லாரியின் முதுகில்தான். விடியுமுன் நாமக்கல்லில் ஏற்றிய முட்டை கேரளத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். கொல்லிமலையின் அன்னாசி, பலா, மிளகு, காபி எல்லாம் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக லாரியிலும் வேனிலும் இறங்கின. மரவள்ளிக் கிழங்கும் அதே வழிதான். மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனதும் லாரியில்தான். அந்த லாரிகள் ஓடிய காலத்தில் அடிவாரத்துச் சாலை பட்ட பாட்டை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

சேலம்–கரூர் ரயில்பாதைக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்தது 1996–97இல். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி 1. நாமக்கல்லுக்கென்று ஒரு மாவட்டத் தலைநகரம் வந்த அதே காலத்தில் ரயிலும் வரப்போகிறது என்று ஊரே எதிர்பார்த்தது. பாதையின் நீளம் 85 கிலோமீட்டர். அதைப் போட்டு முடிக்கப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம், கொஞ்சம் கொஞ்சமாக வேலை. நிலம் எடுக்க வேண்டும், சாலைகளுக்கு மேலும் கீழும் பாலம் கட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே அகண்ட காவிரியைத் தாண்ட வேண்டும். 1860களில் கிரேட் சதர்ன் கம்பெனி தவிர்த்த அந்த ஆற்றைத் தாண்டிக் கரூரைத் தொட்டபோதுதான் பாதை முழுமை அடைந்தது. 2013 மே 25 அன்று பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது.

சேலத்திலிருந்து வரிசையாகச் சொன்னால் மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர், வாங்கல், கரூர். லத்துவாடி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம். மோகனூர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர். இந்த வரிசையில் சேந்தமங்கலத்து ஆளுக்கு மிக அருகில் இருப்பது களங்காணி.

பாதை வந்ததால் பெரும்பலன் யாருக்கு என்று பார்த்தால், நெடுந்தூர ரயில்களுக்குத்தான். முன்பெல்லாம் பெங்களூரு, சேலம் பக்கமிருந்து மதுரைக்குப் போகும் ரயில் ஈரோடு சுற்றி, அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக் கரூர் போக வேண்டும். சேலத்திலிருந்து ஈரோடு சுமார் 60 கிலோமீட்டர், ஈரோட்டிலிருந்து கரூர் சுமார் 65. இப்போது நேராக 85. நாற்பது கிலோமீட்டர் மிச்சம், எஞ்சின் மாற்றும் நேரமும் மிச்சம். பெங்களூரு–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இந்த வழியில் போகிறது. சென்னையிலிருந்து பழனிக்கு விட்டுப் பிறகு பாலக்காடு வரை நீட்டித்த எக்ஸ்பிரஸ் போகிறது. 2024 ஆகஸ்டு 31 முதல் மதுரை–பெங்களூரு வந்தே பாரத்தும் போகிறது. நாமக்கல்லில் அது நிற்கிறது. களங்காணியை ஒரு நொடியில் கடந்துவிடுகிறது.

அது சரிதான். வந்தே பாரத் களங்காணியில் நிற்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். எல்லா ரயிலும் எல்லா ஊரிலும் நின்றால் எந்த ரயிலும் எங்கும் போய்ச் சேராது. ஆனால் இங்கே ஒன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும். சேலம்–கரூர் இன்னும் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயிலில் ஒன்று வழியில் ஒதுங்கி நின்றாக வேண்டும். பயணிகள் 'கிராஸிங்குக்கு நிக்குது' என்று சொல்லிக் காத்திருப்பது இதற்குத்தான். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்தோடு பேசி லைன் கிளியர் வாங்குகிறார். பேனலில் பொத்தானை அழுத்தினால் பாயிண்ட்ஸ் நகர்ந்து ஒரு ரயில் லூப்பில் ஒதுங்குகிறது. மற்றது நடுப்பாதையில் பாய்ந்து போகிறது. போகும் ரயிலின் கடைசிப் பெட்டி வரைக்கும் பச்சைக்கொடியோடு நின்று பார்த்து, கடைசிப் பெட்டி அடையாளம் வந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே அவர் அறைக்குள் திரும்புகிறார். பழைய சேலம்–விருத்தாசலம் மீட்டர்கேஜில் இதே வேலையைப் பிரம்பு வளையம் செய்தது. வளையத்தில் தொங்கும் தோல் பையில் டோக்கன் பந்து இருக்கும். அது டிரைவர் கைக்கு வந்தால்தான் அடுத்த நிலையம் வரை பாதை அவருக்குச் சொந்தம். ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு கையால் பழைய வளையத்தை எறிந்து மறுகையால் புதியதைப் பிடிப்பார்கள்.

நான் சொல்ல வருவது, விரைவு ரயில் விரைவாகப் போவதே வழியில் உள்ள சிறு நிலையங்கள் விழித்திருப்பதால்தான். பயணிகள் டிக்கெட் வருமானத்தை மட்டும் வைத்து அவற்றை அளப்பது நியாயம் ஆகாது. ரயில்வே 2017இல் நிலையங்களை மறுவகைப்படுத்தியபோது ஆண்டு வருமானமும் பயணிகள் எண்ணிக்கையும்தான் முக்கிய அளவுகோல். அந்த அளவுகோலில் இப்படிப்பட்ட நிலையங்கள் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். கடைசி வரிசை என்றால் நிழற்கூரை கடைசியாக வரும், கழிப்பறை கடைசியாக வரும், ரயில் நேரத்தை மாற்றும்போது கருத்துக் கேட்பதும் கடைசிதான். அம்ரித் பாரத் திட்டத்தில் நாமக்கல் இடம்பெற்றது. அதற்கு அடுத்த நிலையத்துக்கு அந்த வெளிச்சம் எட்டவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரயிலை நிறுத்தியபோது முதலில் அடிபட்டவையும் இந்த நிலையங்கள்தான். எக்ஸ்பிரஸ்கள் சில மாதத்தில் ஓடத் தொடங்கின. பாசஞ்சர் வண்டிகள் வர வெகுகாலம் பிடித்தது. வந்தபோதும் சிறப்பு ரயில் என்ற பெயரில் பத்து ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆகியிருந்தது. 2024 பிப்ரவரியில்தான் சாதாரண வண்டிகளுக்குப் பத்து ரூபாய் திரும்பியது. நான்கு வருடம் சிறிய காலம் இல்லை. ரயிலில் போய்ப் பழகிய கட்டடத் தொழிலாளியும் கல்லூரி மாணவியும் அதற்குள் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். ஒருமுறை மாறிய பழக்கத்தைத் திருப்புவது எளிதல்ல.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பாதை மின்மயமாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் மயிலாடுதுறை–திருச்சி, திருச்சி–கரூர், கரூர்–சேலம் என்று துண்டு துண்டாக ஓடிய வண்டிகளை ஒன்றாக்கி, மயிலாடுதுறை–சேலம் ரயிலாக விட்டார்கள். அடிவாரத்துக் குடும்பம் ஒன்று கும்பகோணத்துக்கோ வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ போக, இறங்கி ஏறாமல் காவிரிக் கரையோடே மயிலாடுதுறை வரை போய்விடலாம். என் பாட்டி காலத்தில் இது கனவிலும் வராத சௌகரியம்.

சரக்கிலும் ரயில் தன் இடத்தைப் பிடித்துவிட்டது. கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வடமாநிலங்களிலிருந்து முழு ரேக்காக நாமக்கல்லுக்கு வருகின்றன. ஒரு ரேக் என்றால் 42 பெட்டி, ஏறக்குறைய 2,600 டன். இறக்கி வைத்தால் நூறு லாரிக்கு மேல் வேண்டும். ரேஷன் அரிசியும் உரமும் அப்படியே. தாது வருஷத்தில் சூரமங்கலத்தோடு நின்றுபோன தானியம் இன்று நாமக்கல் வரைக்கும் வருகிறது. பஞ்சம் என்ற சொல்லை நாம் மறந்திருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் இருக்கின்றன.

ஆக, ரயில் வந்திருக்கிறது, சரக்கு வந்திருக்கிறது, பெரிய ஊர்க்காரர்களுக்கு வேகம் வந்திருக்கிறது. சேந்தமங்கலத்து ஆளுக்கும் மலையிலிருந்து இறங்கி வரும் ஆளுக்கும் களங்காணி ரயிலடி இன்னும் சொந்தமாகவில்லை. காரணம் ரயிலில் மட்டும் இல்லை, ரயிலடிக்குப் போகும் வழியிலும் இருக்கிறது. சேந்தமங்கலம் ரயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் அல்ல. ஊரும் பஸ்ஸும் சந்தையும் முதலில் அமைந்துவிட்டன, ரயில் அவற்றைத் தாண்டித் தன் வழியில் போகிறது. பஸ்ஸின் நேரத்தை ஒருவர் போடுகிறார், ரயிலின் நேரத்தை இன்னொருவர் போடுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது யார் பொறுப்பும் இல்லை.

பிரிட்டனில் 1963இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கை, வருமானம் குறைந்த 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. ரயிலை எடுத்த இடத்தில் பஸ் விட்டார்கள். பல இடங்களில் அந்த பஸ்ஸும் நிலைக்கவில்லை. 1969இல் மூடிய எடின்பரோவின் தெற்குப் பாதையில் ஒரு பகுதியைப் பெருஞ்செலவில் திரும்பப் போட்டு 2015இல் திறந்தார்கள். மூடியதைத் திறக்க அவர்களுக்கு 46 வருடம் ஆனது. மொரப்பூர்–தர்மபுரிக்கு அதைவிட அதிகம் ஆகிவிட்டது. பயன்படுத்தாமல் விட்ட ரயிலடியை இழப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இந்த இரண்டு சாட்சிகள் போதும்.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் இருக்கிறது. 1875இல் திருச்சி–மதுரைப் பாதை போட்டபோது வந்தது. அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், மலையேறித்தான் அந்தக் காலத்தில் கொடைக்கானல் போனார்கள். மலை அங்கிருந்து 80 கிலோமீட்டர். ஆனால் நிலையத்துக்குப் பெயர் கொடைக்கானல் ரோடு. அந்தப் பெயரால் நாடு முழுவதும் அது தெரியும், எக்ஸ்பிரஸ்களும் நிற்கின்றன. அம்மையநாயக்கனூரின் டிக்கெட் விற்பனையை மட்டும் பார்த்து யாரும் அதை எடை போடுவதில்லை. மலையும் மலைக்குப் போகிறவர்களும் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

களங்காணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புதன்சந்தையில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச்சந்தை. கேரளத்திலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். சேந்தமங்கலம் தாலுகா தலைநகரம். தத்தாத்ரேயர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் பக்தர்கள். அதற்கு அப்பால் காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, எழுபது கொண்டை ஊசி வளைவு, மேலே கொல்லிமலை. அறப்பளீஸ்வரர், ஆகாய கங்கை, ஆடி மாதத்து வல்வில் ஓரி விழா. சேந்தமங்கலம் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி. இத்தனை பேரின் ரயிலடியாக ஆகக்கூடிய ஓர் இடத்தை ஒரு கிராமத்தின் நிலையம் என்று மட்டும் எண்ணி ஒதுக்குவது பெரிய தவறு.

சேலம் ரயில்வே கோட்டத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இந்தத் தொடரின் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. மயிலாடுதுறை ரயில் வரும் நேரத்துக்கும் போகும் நேரத்துக்கும் பொருந்தும்படி சேந்தமங்கலத்திலிருந்து களங்காணி நிலையத்துக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள். அதைக் காரவள்ளி வரைக்கும் நீட்டுங்கள். நிலையத்தின் பெயரோடு கொல்லிமலையின் பெயரையும் சேருங்கள். கோடிக் கணக்கில் செலவு வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். ஒரு மேசையில் இரண்டு கால அட்டவணையையும் வைத்துப் பார்க்க ஆள் இருந்தால் போதும்.

வாசகர்களுக்கும் ஒன்று. சேலத்துக்கோ கரூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டிய அடுத்த தடவை, நேரம் ஒத்துவந்தால், களங்காணியில் டிக்கெட் எடுத்து ஏறுங்கள். அந்த டிக்கெட்டும் ஒரு மனுதான். எழுத்தில் மனுக் கொடுக்கிறவர்கள் ரயில் நேரம், பஸ் நேரம் இரண்டையும் குறிப்பிட்டு, சேந்தமங்கலம், களங்காணி, காரவள்ளி என்று ஊர்ப் பெயர்களைத் தெளிவாகப் போட்டு எழுதுங்கள்.

அடுத்த வாரம் காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையின் கதை.

(தொடரும்)